கோல்ட் ஸ்டோரேஜில் கடைசி அத்தியாயம்

பைதேவின் நாவலில் கடைசி அத்தியாயத்தின் நடுப்பகுதி மட்டும் நியூஜெர்சியில் ஏதோ ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் கிடந்தது. உறைந்த பட்டாணிக்கும் உறைந்த மீனுக்கும் நடுவில். அத்தியாயத்தின் ஆரம்பம் அவர் கைப்பையில் இருந்தது. முடிவு அவர் வீட்டுச் சமையல்மேடையில், அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்தது. இடையில் ஒரு பெண் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தாள், ஏறுவதா வேண்டாமா என்று. அவளைத் தேடித்தான் அந்த ஜனவரியில் நாங்கள் இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு அலைந்தோம்.

பைதேவ் என்றால் அஸ்ஸாமியில் அக்கா. டீச்சரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு நேர் மேல் வீடு. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். குவாஹாத்தியில் பெண்கள் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர், மூன்று நாவல் எழுதியவர். அங்கே காய்கறிக் கடைக்காரர்கூட நிறுத்தி, அந்த மாமியாரை ஏன் கொன்றீர்கள் என்று கேட்பாராம். கணவருக்கு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு யாரும் நிறுத்தவில்லை, யாரும் கேட்கவில்லை. கவுண்டி காலேஜில் சாயங்கால வகுப்புக்கு உலக சரித்திரம் எடுத்தார். ஊரில், அவள் அமெரிக்கா போய்விட்டாள், டிஷ்வாஷர் வாங்கியிருப்பாள், இனி எங்கே எழுதப்போகிறாள் என்று பேசினார்கள். டிஷ்வாஷர் இருந்தது, உண்மைதான். அதில் அவர் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தார்.

அப்படிப் பேசினவர்களுக்குப் பதிலாகத்தான் இந்த நாவல். ஆறு வருஷ உழைப்பு. குவாஹாத்திப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்துகொண்டிருந்தது. கடைசி அத்தியாயம் பிஹு இதழில். நமக்குச் சித்திரை பிறக்கிற அதே நாளில்தான் அவர்களுக்கும் பிஹு. ஆசிரியர் விளம்பரமே போட்டுவிட்டார். பிப்ரவரிக்குள் தாள்கள் அவர் மேஜையில் இருக்க வேண்டும். வராவிட்டால் ஊர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

சரி, நாவல் எப்படி கோல்ட் ஸ்டோரேஜுக்குப் போயிற்று?

பைதேவுக்குப் புது நோட்டுப் புத்தகம் என்றால் பயம். வெள்ளை வெளேரென்ற முதல் பக்கம் தன்னைப் பரீட்சை வைக்கிறது என்பார். அதனால் ஆரம்பத்திலிருந்தே விடைத்தாளில்தான் எழுத்து. வாத்தியார் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மாணவர்கள் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொள்வார்கள். கோயமுத்தூரில் என் பெரியம்மா வீட்டில் அதில் கோலப்புள்ளி வைத்துப் பார்ப்பார்கள், தீபாவளிப் பலகாரத்துக்கு அளவு எழுதுவார்கள், சுருட்டிக் காது குடைவார்கள். பைதேவ் மூன்று நாவல் எழுதினார். ஒரு பெண் பிளாசி யுத்தத்தில் தோற்று இரண்டாவது பக்கத்தோடு நிறுத்திவிட்டால், மிச்சப் பத்துப் பக்கம் இலக்கியத்துக்கு.

இங்கே பரீட்சைக்கு ப்ளூ புக் என்று நீல அட்டை போட்ட மெல்லிய புத்தகம். அதைப் பார்த்ததும் அமெரிக்காவில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டதாகச் சொன்னார். டிசம்பரில் கட்டுக் கட்டாக வீட்டுக்கு எடுத்துவந்து, ஒன்றைத் திருத்தி மார்க் போட்டு, அதே கையோடு அதன் காலிப் பக்கங்களில் நாவலைத் தொடர்ந்து எழுதுவார். பிறகு ஸ்டேப்பிளைக் கத்தியால் நெம்பித் தன் பக்கங்களை உருவிக்கொண்டு, மிச்சத்தைக் காலேஜ் பெட்டியில் கொண்டுபோய் வைப்பார். ஏழு புத்தகத்தில் கடைசி அத்தியாயம் முடிந்தது. ஆறை உருவினார். ஒன்று மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு அப்படியே பெட்டிக்குப் போய்விட்டது.

ஜனவரியில் எண்ணிப் பார்த்தபோது பதினொரு பக்கம் இல்லை. அப்போதும் அவர் பதறவில்லை. பெட்டியில்தானே இருக்கும். நம் ஊரில் கொடுத்த விடைத்தாள் கொடுத்ததுதான், ஆற்றில் கரைத்த அஸ்தி மாதிரி. எழுதினவன் கண்ணில் அது மறுபடி படுவதில்லை. இருபது வருஷம் அந்த நம்பிக்கையில் எழுதியவர். இங்கே மாணவன் நேராக ஆபீசுக்கு வந்து, என் தாளைக் கொடு, எனக்கு ஏன் இந்த கிரேடு என்று பார்க்க வேண்டும் என்று கேட்கலாம், அவனுக்கு உரிமை இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவர் கேட்டார். ஆபீஸ் பெண்மணி கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

காலேஜில் விலாசம் தர மாட்டோம் என்றார்கள், ரூல். பைதேவுக்கு அந்த மாணவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவருடைய விடைகளிலிருந்து தெரிந்ததுதான். ஐம்பது தாண்டிய ஆள். கோல்ட் ஸ்டோரேஜில் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். எந்தக் கேள்வி கேட்டாலும் நான்காவது வரியில் கோல்ட் ஸ்டோரேஜுக்கு வந்துவிடுவார். ரோம் ஏன் வீழ்ந்தது? மூன்று மாசத்துக்கு ஒரு சூப்பர்வைசரை மாற்றினால் எந்த கோடவுனும் விழும். சி மைனஸ்.

ஒரு வாரம் அந்தப் பதினொரு பக்கத்தைத் திரும்ப எழுதிப் பார்த்தார். நான் ரசம் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் மேஜை முழுக்கக் கசங்கிய தாள். அவள் அதே இடத்தில் நிற்கிறாள், ஆனால் மூச்சுவிடவில்லை என்றார். விழுந்த பல்லை எடுத்துத் திரும்ப ஈறில் வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறதாம். கணவரிடம் சொல்லவில்லை. அவர் இருபது வருஷமாக, ஒரு நோட்டு வாங்கிக்கொள் என்று சொல்லி வருபவர். அவர் சரியாகச் சொன்னார் என்று ஒத்துக்கொள்வதைவிட நாவல் தொலைவது மேல்.

அதனால் டிரைவர் வேலை எனக்கு வந்தது. நான் கணவர் வேலையை ஒட்டி வந்த டிபெண்டன்ட் விசா. வேலை பார்க்கக் கூடாது, ஆனால் கார் ஓட்டலாம். லைசென்ஸ் வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் பழைய கொரோலாவுக்கும் எனக்கும் இன்னும் அறிமுகம் சரியாக ஆகவில்லை. நியூஜெர்சியில் இடது பக்கம் திரும்ப வலது பக்கம் போக வேண்டும். அதில் மனசு இடறி, போக வேண்டிய கடையை மூன்று முறை சுற்றி, மூன்று முறையும் அதே குளத்தையும் அதே வாத்துகளையும் பார்த்துவிட்டு வருவேன். பைதேவ் பக்கத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னை ‘சாரதி’ என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்குள் பேச்சு இங்கிலீஷில்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை இரண்டு ஊருக்கும் பொது. சாரதி, குருக்ஷேத்திரம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பார், நான் எக்ஸிட்டை விட்டுவிட்டால்.

துப்பு கிடைத்தது ஐசலினில். இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் துவரம்பருப்பு வாங்கப் போனபோது, மளிகைக்கடை குஜராத்தி அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். போன வாரம் ஓர் அமெரிக்கர் நீலப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாராம், இதைப் படித்துச் சொல்லுங்கள் என்று. எங்கள் டீச்சர் இந்தியன், நீங்களும் இந்தியன், அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்டாராம். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, இது மதராசி எழுத்து என்று கைவிரித்திருக்கிறார். அங்கே சாம்பார் பொடி எடுத்துக்கொண்டிருந்த தமிழ் ஆன்ட்டி, இதென்ன கோடு கோடா தொங்குது, இது வடக்கத்தி சமாச்சாரம் என்றிருக்கிறார். புடவைக்கடையில் பஞ்சாபி என்றார்கள். நகைக்கடையில் நேபாளி. படிக்க ஒருவருக்கும் தெரியவில்லை. அது எந்த ஊர்க்காரர்களின் எழுத்து என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

பைதேவ் பருப்பை அப்படியே கீழே வைத்தார்.

கடைசியில் அந்த ஆளை பெங்காலி மிட்டாய்க்கடைக்கு அனுப்பினார்களாம். ஓடினோம். மிட்டாய்க்கடைக்காரர் ரசகுல்லாவைப் பிழிந்துகொண்டே பெருமையாகச் சொன்னார்: எழுத்து எங்களுடைய எழுத்து மாதிரிதான், வார்த்தைதான் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. பைதேவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் நடுவில் நின்றுகொண்டேன். அஸ்ஸாமி தனி பாஷையா, பெங்காலிதானா என்று இரண்டு ஊருக்கும் நூறு வருஷப் பஞ்சாயத்து, அதை ஓக் ட்ரீ ரோட்டில் தீர்க்க எனக்கு நேரமில்லை. மூன்றரைக்கு என் பெண் ஸ்கூல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று நானே கேட்டேன். ஒரு ஆறு, ஒரு படகு, ஒரு பொம்பளை, அவ்வளவு பிடிபட்டது, அதைச் சொன்னேன் என்றார். அந்த அமெரிக்கர் அதைக் கேட்டு ரொம்ப யோசித்தாராம். போகும்போது ஒரு கிலோ சந்தேஷ் வாங்கினாராம். பெயர் கேட்கவில்லை. ஜாக்கெட் முதுகில் பென்குயின் படம் போட்டிருந்தது.

பென்குயின் போதும். இரண்டு நாள் சவுத் பிளெயின்ஃபீல்டு பக்கம் கோடவுன் கோடவுனாகச் சுற்றினோம். ஒரு வாசலில் கரடி. ஒரு வாசலில் பனிமலை. மூன்றாவதில், சுவர் முழுக்க, கழுத்தில் மஃப்ளர் சுற்றிய பென்குயின். சாரதி, கொடி தெரிகிறது, நிறுத்து என்றார்.

மதிய இடைவேளை நேரம். வாசலில் இருந்தவர் எங்களை பிரேக் ரூமுக்குக் கூட்டிப்போனார். தடிமன் தடிமனான ஜாக்கெட்டில் ஏழெட்டுப் பேர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். பைதேவ் மேகேலா சாதரில் வந்திருந்தார், அவர்கள் ஊரில் இரண்டு துண்டாக உடுத்துகிற பட்டு. அதற்கு மேல் கணவரின் ஓவர்கோட்டு. அவரைப் பார்த்ததும் மூலையில் ஒரு பெரிய உடம்பு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றது. தொப்பியைக் கழற்றியது. புரொஃபசர் என்றது.

ப்ளூ புக் அவருடைய லாக்கரில் இருந்தது, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுருங்காமல். கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஆனால் அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார். அவர் சொன்னதன் சாரம் இது: அவருடைய விடை நாலு பக்கம். அதற்குக் கீழே டீச்சர் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவருக்கு யாரும் ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை. உணர்ச்சிவசப்பட்டுத் தன் பாஷையில் எழுதிவிட்டார் போலிருக்கிறது, பரவாயில்லை. ஆறும் படகும் என்று மிட்டாய்க்கடையில் சொன்னார்கள். ரோமுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று யோசித்து யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. இப்போது டீச்சரே படித்துச் சொல்லிவிட்டால் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம்.

பைதேவ் என்னைப் பார்த்தார். நான் மைக்ரோவேவைப் பார்த்தேன்.

இது உன்னைப் பற்றியது இல்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கையைப் பார்த்தபிறகு அவரால் முடியவில்லை போலும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வரி வரியாக இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். ஆற்று நடுவில் ஒரு தீவு. வருஷா வருஷம் ஆறு அதைத் தின்றுகொண்டே வருகிறது. பள்ளிக்கூடம் போயிற்று, கோயில் போயிற்று, இப்போது வீட்டு முற்றம். ஒரு பெண் மூட்டையோடு படகுத்துறைக்கு வந்து நிற்கிறாள். சூப் குடிக்கும் சத்தம் நின்றது. ஃப்ரீஸரின் ஹம் மட்டும். உறைந்த பட்டாணி மலைக்கு நடுவில் ஒரு ஆறு ஓட ஆரம்பித்ததை நான் அன்றைக்குப் பார்த்தேன், சத்தியமாக.

மூன்றாம் பக்கத்தில் அவர் கேட்டார். “இதில் நான் வரவே மாட்டேனா?”

“மாட்டாய்,” என்றார் பைதேவ். “இது என் நாவல். உன் தாளில் இடம் இருந்தது.”

ஜாக்கெட்டுகள் எல்லாம் சிரித்தன. அவருக்கு முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, சரி, மேலே சொல்லுங்கள், அவள் என்ன பண்ணுகிறாள் என்றார்.

மேலே போயிற்று. அவள் ஒரு காலைத் தூக்கிப் படகில் வைக்கிறாள். மறு கால் கரையில். அப்படியே நிற்கிறாள். அப்பாவை நினைத்துக்கொள்கிறாள். கல்யாணத்தை நினைத்துக்கொள்கிறாள், பெரிய வெள்ளத்தை, மாட்டுக் கொட்டிலை, முதல் குழந்தையை. நாவலின் உச்சமே இதுதான், இந்த இடத்துக்காகத்தான் ஆறு வருஷம் என்று பைதேவ் என்னிடம் நூறு முறை சொல்லியிருந்தார். ஃபோர்க்லிஃப்ட்காரர் கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துகிற மாதிரி.

“எவ்வளவு நேரம் இப்படி நிற்கிறாள், புரொஃபசர்?”

“நாலு பக்கம்.”

“நிமிஷத்தில்?”

பைதேவ் கணக்குப் போட்டார். இருபது இருக்கலாம் என்றார்.

“முடியாது,” என்றார் அவர், மரியாதையாகத்தான். “கல்யாணம் ஞாபகம் வருவதற்குள் தண்ணீரில் இருப்பாள்.”

இங்கே லோடிங் டாக்கில், டிரக்கில் சரக்கு ஏற்றுகிற மேடையில், முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்களாம்: ஒரு கால் டாக்கில், ஒரு கால் டிரக்கில் வைக்காதே. டிரக் நிற்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் நிற்காது, ஒரு இஞ்ச் ஒரு இஞ்சாக நகரும். டிரக்கே அப்படி என்றால் படகு? ஜாக்கெட்டுகள் எல்லாம் தலையாட்டின. ஒருவர் இரண்டு நாற்காலியை எடுத்துப் போட்டுச் செய்தே காட்டினார். அந்த அறையில் இருந்தவர்கள் வேலையே அந்த இடைவெளியில்தான். ஆறு வருஷமாக அந்த இடத்தையே நினைத்துக்கொண்டிருந்த, பிரம்மபுத்திரா கரையில் பிறந்த பைதேவுக்கே தோன்றாத விஷயம்.

பைதேவ் கண்ணாடியைக் கழற்றினார். கைப்பையிலிருந்து கத்தியை எடுத்து ஸ்டேப்பிளை நெம்பி, தன் பக்கங்களை உருவிக்கொண்டார். விடைப் பக்கங்களை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. எனக்கென்று ஏதாவது எழுதித் தாருங்கள், உங்கள் பாஷையிலேயே இருக்கட்டும், நான் மிட்டாய்க்கடையில் படித்துக்கொள்கிறேன் என்றார். பைதேவ் சிவப்புப் பேனாவில் நாலு வரி எழுதி, சி மைனஸை அடித்து பி ப்ளஸ் போட்டார். காலேஜில் சொல்லி அதையும் மாற்றிவிடுவதாகச் சொன்னார். அந்த நாலு வரி என்ன என்று காரில் கேட்டேன். அது டீச்சருக்கும் மாணவருக்கும் உள்ள விஷயம் என்றுவிட்டார்.

காரில் ஏறினவர் கிளம்ப விடவில்லை. மடியில் பதினொரு பக்கம். கிடைத்துவிட்டது, ஆனால் அனுப்ப முடியாது. அதைவிடத் தொலைந்தே போயிருக்கலாம் போல முகம். பார்க்கிங் லாட்டில் பனி ஓரமாகக் குவிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், சாரதி, இறங்கு என்றார்.

“ஒரு காலை நடைபாதையில் வை. ஒரு காலைக் கார் படியில் வை. உன் அப்பாவை நினை.”

பைதேவ், குளிருது, பஸ் டைம் ஆகுது என்றேன். கேட்கவில்லை. நின்றேன். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே நின்றேன். அப்பாவை நினைத்தேன், டவுன்ஹால் பக்கம் சைக்கிளில் வருகிறார். பைதேவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பார், நிற்க முடிகிறது என்றார். பிறகு அவருக்கே ஒரு சந்தேகம். படகுக்குப் பிரேக் உண்டா?

நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார். உள்ளே குனிந்து தள்ளினேன். திரும்பவும் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. ஹாண்ட்பிரேக்கை அவரே கீழே இறக்கினார். வாழ்க்கையில் அவர் ஓட்டிய ஒரே வாகனம் அதுதான், அந்த மூன்றடி தூரம். சரிவு கண்ணுக்கே தெரியவில்லை. கொரோலா ஓசையில்லாமல், அவசரமில்லாமல், ராஜநடையாக நகர்ந்தது. என் கால்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து போவதைப் பார்த்தேன். கல்யாணம் வரை போகவில்லை. அப்பா சைக்கிளிலிருந்தே இறங்கவில்லை. பனிக்குவியலில் பக்கவாட்டில் போய் விழுந்தேன். கார் அடுத்த குவியலில் மூக்கை வைத்து நின்றது.

தூக்கிவிட வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. திறந்த கதவு வழியாக அவர் தலை மட்டும் தெரிந்தது, குனிந்தபடி. தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார், முதலில் எது குளிர்ந்தது?

“இடது காது,” என்றேன், கிடந்தபடியே.

வீடு வரும்வரை எழுதினார். ரூட் பதினெட்டில் பச்சை விழுந்தால், மெதுவாகப் போ, பேனா ஆடுகிறது என்று திட்டு. பின்னாலிருந்து ஹாரன். பஸ்ஸை விட்டு இறங்கிய என் பெண், தலையெல்லாம் பனியாக என்னைப் பார்த்து, வாட் ஹாப்பண்ட் டு யூ என்றாள். பைதேவ் பதில் சொன்னார்: உன் அம்மா ஆற்றில் விழுந்துவிட்டாள்.

குவாஹாத்தி ஆசிரியர் போனில் வெகுநேரம் வாதாடினாராம். ஆறு வருஷம் அழவைத்துவிட்டு, கடைசியில் அவளைப் பட்டுச் சாதரோடு தண்ணீரில் தள்ளுவதா, துறையில் இருக்கிற ஜனமெல்லாம் சிரிப்பதா, அவளே சேர்ந்து சிரிப்பதா, வாசகர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று. நான் என்ன செய்ய, அவள் நிற்கவில்லை என்றாராம் பைதேவ். ஏப்ரலில் இதழ் வந்தது. டிஷ்வாஷரிலிருந்து பழைய கட்டுகள் எல்லாம் வெளியே போய், அது ஒன்று மட்டும் மேல்தட்டில் நின்றது. என்னைக் கூப்பிட்டு, பக்கத்தைத் திறந்து, விரல் வைத்துக் காட்டினார். எனக்கு அஸ்ஸாமி ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் என் இடது காது எங்கே இருக்கிறது என்று தெரியும்: மேலிருந்து நான்காவது வரி.